வெறும் ரத்தப் பரிசோதனைதானே?

என் பெரியப்பா மகன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 66. பெங்களூரில் இருக்கும் அவர் பையன், அப்பாவின் பிறந்தநாளுக்கு வேட்டி சட்டைக்குப் பதிலாக ஒரு 'மாஸ்டர் செக்கப்' எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் போனில் ரிப்போர்ட் வந்தது. பதினோராம் பக்கத்தில், பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு எதிரே 5.8 என்று தடித்த அச்சில் இருந்தது. பக்கத்தில் 'எச்' என்று ஓர் எழுத்து. நாலுக்குள் இருப்பதே இயல்பு என்று அடியில் பொடி அச்சு. அண்ணன் அதை இணையத்தில் தேடிப் படித்தார். அன்றைக்குப் போன தூக்கம்தான்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தார். தொற்று ஒன்றே அந்த அளவை ஏற்றிவிடப் போதும். ரத்தம் எடுக்க வந்த பையன் அதைக் கேட்கவில்லை. கேட்பது அவன் வேலையும் இல்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 2.9. அந்த எட்டு வாரத்துக்குள் அண்ணன் உயில் எழுதி முடித்து, லாக்கரில் அண்ணியின் பெயரையும் சேர்த்துவிட்டார்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஒன்றுமில்லை என்று தெரிந்துபோயிற்று, நல்லதுதானே? வெறும் ரத்தப் பரிசோதனை, செய்துகொண்டால் என்ன நட்டம்?" படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். மருத்துவமனை விளம்பரங்கள் இதையே சொல்கின்றன. வருமுன் காப்போம் என்று பிள்ளைகள் வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். நட்டம் உண்டு என்பது என் கட்சி. அதற்கு முப்பது ஆண்டுக் கணக்கும் இருக்கிறது.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். விந்தை நீர்க்கச் செய்ய அது சுரக்கும் ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். சுரப்பியில் புற்று வந்தாலும் கசிவு கூடும். வயதாகிச் சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும் கூடும். தொற்று வந்தாலும், சிறுநீர் போக டியூப் போட்டிருந்தாலும் கூடும். முதல்நாள் இரவு மனைவியோடு இருந்தால்கூடச் சற்று ஏறலாம். இது புராஸ்டேட்டின் குரல். புற்றுநோயின் குரல் என்று பெயர் மாற்றிக்கொண்டது நாம்தான். நாலுக்கும் பத்துக்கும் இடையில் அளவு வந்தவர்களுக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் நாலில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கிறது. சரி, நாலுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நாலுக்குள் இருந்தவர்களுக்கும் பயாப்சி செய்து பார்த்தார்கள். அவர்களில் 15 விழுக்காட்டினருக்குப் புற்று இருந்தது.

இன்னொன்று. வீக்கத்துக்காக டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த மாத்திரைகள் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3.5 என்று வந்தால் உள்ளபடி அது 7. தடித்த அச்சும் இருக்காது, 'எச்'சும் இருக்காது. பொய்யான பயம் ஒரு பக்கம் என்றால் பொய்யான தைரியம் மறுபக்கம். இரண்டையும் தடுப்பது பரிசோதனைக்கு முன்னால் ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்கிற ஐந்து நிமிடக் கேள்விகள். தொகுப்புப் பரிசோதனையில் விலை குறைந்ததே அந்த ஐந்து நிமிடத்தை வெட்டியதால்தான்.

1970இல் இந்தப் புரதத்தை இனங்கண்டவர்களில் முன்னவர் ரிச்சர்ட் ஆப்ளின். அவருடைய தந்தையே புராஸ்டேட் புற்றில் இறந்தவர். ஆகவே இந்த நோயை அவர் சாதாரணமாக நினைப்பவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மனிதர் 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், தன் கண்டுபிடிப்பைக் கொண்டு ஊரிலுள்ள ஆண்களையெல்லாம் சலிப்பது மாபெரும் தவறு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 1986இல் இந்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அது ஏற்கனவே நோய் உள்ளவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்கத்தான். கண்டறியவும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல் வந்தது. ஆனால் ஆய்வகங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 1986க்கும் 2005க்கும் இடையில், இந்தச் சோதனை இல்லாதிருந்தால் நோயாளி என்ற பெயரே எடுத்திருக்க மாட்டாதவர்கள் அமெரிக்காவில் 13 லட்சம் பேர் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அவர்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையும் பெற்றார்கள்.

"நோய் இருந்ததைத்தானே கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான், இருந்தது. இங்கேதான் புற்றுநோய் என்ற ஒற்றைச் சொல் நம்மை ஏமாற்றுகிறது. வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் உடலைத் திறந்து புராஸ்டேட்டைப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. எண்பது வயதைத் தொட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அங்கே புற்றணுக்கள் இருந்தன. மாரடைப்பிலோ நிமோனியாவிலோ போன மனிதர்கள். உள்ளே ஒன்று இருந்ததே தெரியாமல் பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவர்கள். இந்தப் புற்றுகளில் பெரும்பாலானவை அவ்வளவு சோம்பேறிகள். ஆனால் சில அப்படியல்ல; எலும்புக்குப் போய்க் கொல்லும். எது எந்த ரகம் என்று பி.எஸ்.ஏ.வுக்குத் தெரியாது. அதற்கு உருப்பெருக்கியின் கீழ் திசுவைப் பார்த்துத் தரம் போட வேண்டும். 1960களில் டொனால்ட் கிளீசன் வகுத்த தரவரிசையைத்தான் சற்றுத் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்த வரிசையில் மிகத் தாழ்ந்ததான 'ஆறு' என்ற தரத்துக்குப் புற்றுநோய் என்ற பெயரையே எடுத்துவிடலாமா என்று மருத்துவர்களே பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர்தான் ஆளைக் கத்திக்குத் தள்ளுகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

'முன்னமே கண்டுபிடித்தால் பிழைக்கலாம்' என்ற வாசகத்தின் கணிதத்தைப் பார்க்காமல் நகர முடியாது. 2007இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளராக நிற்க முயன்ற ரூடி ஜூலியானி, நியூயார்க்கின் முன்னாள் மேயர், தானே இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றவர், ஒரு விளம்பரத்தில் பெருமையாகச் சொன்னார்: அமெரிக்காவில் இந்த நோய் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு 82 விழுக்காடு, அரசு மருத்துவம் நடக்கும் இங்கிலாந்தில் வெறும் 44. கேட்டால் யாருக்கும் புல்லரிக்கும். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால், லட்சம் ஆண்களுக்கு அமெரிக்காவில் 26 பேர், இங்கிலாந்தில் 27 பேர். எங்கே போயிற்று அந்த 82க்கும் 44க்கும் உள்ள வித்தியாசம்?

எழுபது வயதில் இறக்கப்போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 67இல் முதுகுவலி வந்து நோய் தெரிந்தால் அவர் 'மூன்றாண்டு பிழைத்தவர்'. 60இல் ரத்தச் சோதனையில் தெரிந்திருந்தால் 'பத்தாண்டு பிழைத்தவர்'. காரியம் நடக்கும் நாள் மாறவேயில்லை. எண்ணத் தொடங்கிய நாள்தான் மாறியது. இடையில் கிடைத்த ஏழாண்டு, நோயாளியாக வாழ்ந்த ஏழாண்டு. இதோடு ஒருநாளும் கொல்லாத சோம்பேறிப் புற்றுகளையும் கணக்கில் சேர்த்துவிட்டால் விழுக்காடு தானாகவே வானத்துக்கு ஏறும். மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்தில் 'பிழைப்பு விகிதம்' பார்த்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்த விழுக்காட்டைக் கேட்காதீர்கள். சாவு குறைந்ததா என்று கேளுங்கள்.

சாவு குறைகிறது, அதை மறைத்தால் நான் வாதிடவில்லை, பொய் சொல்கிறேன். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில், 55 முதல் 69 வயது வரையுள்ள ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை வைத்து 1990களில் தொடங்கிய ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025இல் வந்தது. திரும்பத் திரும்பப் பி.எஸ்.ஏ. பார்க்க அழைக்கப்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பது 13 விழுக்காடு குறைந்திருந்தது. இதையே ஆட்களாக எண்ணினால்: 456 பேரை அழைத்தால், கூடுதலாக 12 பேருக்கு நோய் என்று பெயர் வைத்தால், ஒருவர் சாவு தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம். மற்றப் பதினொருவரில் ஒருவராகவும் இருக்கலாம். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது 'திரும்பத் திரும்ப' என்ற சொல். பிறந்தநாள் பரிசு ஒருமுறைதானே? ஒரே ஒருமுறை பார்த்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 6.9 பேரும் அழைக்கப்படாதவர்களில் 7.8 பேரும் இந்த நோயால் இறந்திருந்தார்கள். ஆயிரத்துக்கு ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை. அழைத்தவர்களில் எல்லாரும் வந்து சோதித்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தார்கள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், விளம்பரம் தருகிற வாக்குறுதிக்கு அருகில் இந்த எண்கள் வரவில்லை.

அந்தப் பதினொருவருக்கு என்ன நடக்கும்? 'கேன்சர்' என்ற சொல் காதில் விழுந்த வீட்டில் அடுத்த வாக்கியம் "எடுத்துப் போட்டுவிடுங்கள் டாக்டர்" என்பதுதான். பிரிட்டனில் இதையும் சோதித்தார்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுள்ள 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்கு அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்காணிப்பு. பதினைந்து ஆண்டு கழித்து மூன்று பிரிவிலும் ஏறக்குறைய 97 விழுக்காட்டினர் இந்த நோய்க்குப் பலியாகாமல் இருந்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் வெளியே பரவியது மற்றவர்களைவிட இரு மடங்கு என்பது உண்மை, 9.4க்கு 4.7, 5.0 என்ற கணக்கு. ஆனாலும் சாவில் பெரிய வித்தியாசம் இல்லை. அறுவை செய்துகொண்டவர்களில் ஆறாவது மாதம் 46 விழுக்காட்டினர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டார்கள். ஆறாண்டு கழித்தும் 17 விழுக்காட்டினர் வைத்துக்கொண்டிருந்தார்கள். தாம்பத்தியத்துக்குப் போதுமான விறைப்பு சிகிச்சைக்கு முன் மூன்றில் இரண்டு பேருக்கு இருந்தது. அறுவைக்குப்பின் ஆறாவது மாதம் எட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது.

நம் ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அறுவைக்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவிக்கே காரணம் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. பஸ்ஸில் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. 'என்ன நட்டம்' என்று கேட்பவர்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவருடைய புற்று அவரைக் கொல்லப்போகிற ரகமா என்று கேட்டால், அவருக்கும் தெரியாது, அவர் டாக்டருக்கும் தெரியாது. தரம் தாழ்ந்த புற்றுக்குக் கண்காணிப்பே முதல் வழி என்று பெரிய மருத்துவச் சங்கங்கள் இன்று சொல்கின்றன. குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம், எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி. மாறினால் அப்போது சிகிச்சை. அதைச் சும்மா கைகட்டி உட்கார்ந்திருப்பதாக நம் வீடுகள் நினைக்கின்றன. "டாக்டர் கைவிட்டுட்டாரு" என்று சொந்தக்காரர்கள் வேறு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். அந்த இரண்டாம் டாக்டரிடம் கத்தி எப்போதும் தயாராக இருக்கும்.

'என்ன நட்டம்' என்ற தர்க்கம் இன்னொரு இடத்திலும் கவிழ்ந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்டால் புராஸ்டேட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவில் 35,000 பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2011இல் வந்த முடிவில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு அதிகம். நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் பச்சைக் கேப்ஸ்யூலை நான் அன்றோடு நிறுத்தினேன்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான இரண்டு கேள்விகள். ஒன்று, ஜோ பைடன். 2025 மே மாதம், 82 வயதில், அவருக்கு எலும்புவரை பரவிய முரட்டுப் புற்று என்று அறிவித்தார்கள். கிளீசன் தரம் ஒன்பது. கடைசியாக அவருக்குப் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014 என்றும் சொன்னார்கள். அதிபருக்கே பார்க்கவில்லையே என்று உலகமே கொதித்தது. எழுபதைக் கடந்தவர்களுக்கு அறிகுறி இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவின் பரிந்துரை. பார்த்திருந்தால் அவர் ஒருவருக்கு உதவியிருக்குமோ என்னவோ. ஆனால் ஒருவர் கதையை வைத்து ஊருக்குச் சட்டம் எழுதினால், பேட் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டைத் தவிர்ப்பவரின் கதையை எந்தத் தட்டில் வைப்பது? அவருக்காக எந்தத் தொலைக்காட்சியும் கொதிக்கவில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை உள்ளபடியே தொந்தரவு செய்வது. "இதெல்லாம் அமெரிக்கக்காரன் கவலை. நம் ஊரில் ஆட்கள் முற்றிய பிறகுதானே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? இங்கே இன்னும் சோதிக்க வேண்டாமா?" முற்றி வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வருகிறவர்கள் யார்? மாஸ்டர் செக்கப் எடுத்துக்கொள்ளும் 45 வயது ஐ.டி. ஊழியர் இல்லை. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, எலும்பு வைத்தியரிடம் கட்டுக்கட்டி, ஒருநாள் காலையில் கால் எழும்பாமல் தூக்கிக்கொண்டு வரப்படும் எழுபது வயது விவசாயி. அவருக்குத் தேவை சந்தா கட்டிய ஆரோக்கியத் தொகுப்பில்லை. முதுகுவலி என்று முதல்நாள் போன இடத்தில் "சிறுநீர் எப்படிப் போகிறது, எடை குறைந்ததா, ராத்திரி வலி அதிகமா" என்று கேட்டு, கையுறை போட்டு விரலால் பரிசோதித்துப் பார்க்கிற ஒரு டாக்டர். அறிகுறி உள்ளவருக்குச் செய்யும் பி.எஸ்.ஏ. முற்றிலும் வேறு விஷயம். அது நோயைத் தேடும் வலையில்லை, நோயைக் காட்டும் விளக்கு. இதே சோதனைதான், ஆனால் இங்கே அதைச் செய்யாமல் விடுவது குற்றம். நகரத்தில் தேவையில்லாதவருக்கு வருஷாவருஷம் செய்கிறோம். கிராமத்தில் தேவைப்பட்டவருக்கு ஒருமுறைகூடச் செய்யவில்லை. பிந்தியதைக் காட்டி முந்தியதை நியாயப்படுத்துவது, பசித்தவனைக் காட்டி வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு இலை போடுவது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தட்டிவிட வேண்டும். "சிறுநீர் தாராளமாகப் போகிறது, எனக்குப் புராஸ்டேட்டில் ஒன்றுமில்லை" என்பார்கள். முதுமை வீக்கம் சிறுநீர்க் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வருவது. அதனால் அடைப்பு உடனே தெரியும். புற்று பெரும்பாலும் வெளிப்பகுதியில், மலக்குடல் பக்கம் தொடங்குவது. குழாயை நெருக்க அதற்கு நாளாகும். ஆகவே அடிக்கடி எழுந்து போவது புற்றின் அடையாளமும் இல்லை, தாராளமாகப் போவது புற்றில்லை என்பதற்கான சான்றும் இல்லை. வீக்கம் முற்றிப் புற்றாக மாறுவதும் கிடையாது.

அப்படியானால் அறிகுறியில்லாத யார் பார்க்கலாம்? அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்தவர்கள், அம்மா அக்கா தங்கை வரிசையில் மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ இருந்தவர்கள், ஐம்பதுக்கு முன்பே ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் பேச வேண்டும். மற்றவர்களில் 55க்கும் 69க்கும் இடைப்பட்டவர்கள் மேலே சொன்ன எண்களைக் கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் பார்க்கலாம், வேண்டாமென்றால் விடலாம். இரண்டும் அறிவுள்ள முடிவுதான். அளவு கூடினால் முதலில் தொற்று, மாத்திரை எல்லாம் கேட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் எம்.ஆர்.ஐ. அதில் சந்தேகம் தெரிந்தால்தான் பயாப்சி ஊசி. சுவீடனில் இந்த வரிசையில் செய்து பார்த்தபோது தேவையில்லாமல் கண்டுபிடிக்கப்படும் சோம்பேறிப் புற்றுகள் பாதியாகக் குறைந்தன. எண்ணைப் பார்த்தவுடன் மலக்குடல் வழியே பன்னிரண்டு இடத்தில் குத்திய காலம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழியில் குத்தினால் குடல் கிருமி ரத்தத்தில் ஏறும் ஆபத்தும் உண்டு.

பரிசோதனைத் தொகுப்பு விற்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பி.எஸ்.ஏ.யை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள். எழுபத்தெட்டு வயதுப் பெரியவருக்குத் தானாகவே டிக் விழுகிற கட்டத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வேட்டி சட்டையே எடுத்துக் கொடுங்கள். ஆனால் ஊரில் இருக்கும் அப்பா இரண்டு மாதமாக இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால், சிறுநீரில் ரத்தம் கண்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தால், கால் மரத்துப்போகிறது என்றால், அடுத்த பஸ் பிடித்துப் போய் அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், "டாக்டர், அப்பாவுக்குப் பி.எஸ்.ஏ. பார்க்கணுமா?" என்று.